ராஜாக்களை விடுங்கள், பேரேட்டைப் பாருங்கள்

போன வாரம் நண்பர் ஒருவர் காணொளி ஒன்றைப் பகிர்ந்திருந்தார். ஸ்வீடன் மன்னர் இரண்டாம் குஸ்தாவ் அடோல்ஃப் பற்றியது. "வடதிசைச் சிங்கம்", "நவீனப் போர்க்கலையின் தந்தை" என்று ஒரே புகழாரம். பின்னணியில் முரசு, பனியில் குதிரைகள். கீழே கருத்து எழுத ஆரம்பித்தேன், அது நீண்டுகொண்டே போனது. சரி, தனிப் பதிவாகவே போட்டுவிடலாம் என்று இங்கே வந்துவிட்டேன்.

நான் வாழ்நாள் முழுக்கக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். ஒரு நாட்டின் சரித்திரத்தைப் படித்தால் வாளைவிடப் பேரேட்டின் மேல்தான் முதலில் கண் போகும். ஸ்வீடன் விஷயத்தில் இந்தப் பழக்கம் வீண்போகவில்லை. 1520 முதல் 1770 வரையான காலத்தில் அந்த நாடு செய்த பெரிய காரியம் லூட்ஸன், நார்வா போன்ற போர்க்களங்களில் நடந்ததாக நான் நினைக்கவில்லை. ஊர் ஊராகத் தேவாலயத்தில் உட்கார்ந்து போதகர்கள் எழுதிய பதிவேடுகள்தான் அது. இந்தக் கருத்தோடு யாரும் ஒத்துப்போக வேண்டியதில்லை, ஆனால் காரணம் சொல்கிறேன், கேளுங்கள்.

ஆரம்பம் குஸ்தாவ் வாசா. 1520 நவம்பரில் டென்மார்க் மன்னர் இரண்டாம் கிறிஸ்டியான் ஸ்டாக்ஹோமின் சதுக்கத்தில் பிரபுக்கள், ஆயர்கள், நகரத்துப் பெரிய மனிதர்கள் என்று 80 பேருக்கும் மேல் தலையை வெட்டினார். அதில் குஸ்தாவின் அப்பாவும் ஒருவர். மகன் தலார்னா விவசாயிகளைத் திரட்டி எழுந்து 1523 ஜூன் 6 அன்று மன்னரானார். இதுவரை சினிமாக் கதை. அதற்கப்புறம் அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. திருச்சபையின் சொத்தை 1527இல் கையகப்படுத்தினார். எந்தக் கிராமத்தில் எத்தனை பண்ணை, எவ்வளவு வெண்ணெய், எவ்வளவு தானியம் வரவேண்டும் என்று அதிகாரிகளைக் கணக்கு எழுத வைத்தார். கடன் அடைக்கத் தேவாலய மணிகளைக்கூடக் கேட்டார். எந்த விவசாயிகள் அவரை மன்னராக்கினார்களோ அவர்களே மணிக்காக எதிர்த்து எழுந்தார்கள். அடக்கினார். நல்ல மனுஷன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கறாரான கணக்கர்.

இப்போது அந்தக் காணொளியின் நாயகர். குஸ்தாவ் அடோல்ஃப் 1611இல் பட்டத்துக்கு வரும்போது வயது பதினேழுகூட நிறையவில்லை. கூடவே ஆக்செல் ஆக்சென்ஸ்டியர்னா என்ற வேந்தர், அதாவது தலைமை அமைச்சர். 1612இல் பதவிக்கு வந்து 1654இல் சாகும்வரை அதே நாற்காலியில் இருந்தவர். ஐரோப்பாவின் ஓரத்தில் கிடந்த, ஆளும் பணமும் குறைந்த ஒரு நாடு முப்பதாண்டுப் போரில் (1618–48) ஜெர்மனிக்குள் புகுந்து அங்கிருந்த பேரரசரையே ஆட்டிவைத்தது எப்படி? பீரங்கி, குதிரைப்படை உத்தி என்றெல்லாம் சொல்வார்கள். உண்டுதான். ஆனால் அடியில் இருந்தது ஒரு பட்டியல். ஒவ்வொரு ஊர்த் திருச்சபையின் போதகரும் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் அனைவரையும் எழுதிக் கொடுக்க வேண்டும். அதை வைத்து ஆட்களைக் குழுக்களாகப் பிரிப்பார்கள், பத்துப் பேருக்கு ஒருவர் படைக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆசீர்வாதம் சொல்லும் அதே கைதான் பெயரையும் எழுதியது. யார் ஒளிந்திருக்கிறான், யாருக்கு உண்மையிலேயே கால் ஊனம் என்பதெல்லாம் போதகருக்குத் தெரியாமல் இருக்குமா?

வடக்கே, ஸ்வீடனுக்கும் பின்லாந்துக்கும் நடுவே இருக்கும் பொத்னியா வளைகுடாக் கரையில் பிக்டேயோ என்று ஒரு சபை. அதன் பதிவேடுகளும் படைப் பட்டியல்களும் பிழைத்துக் கிடக்கின்றன. வரலாற்றாய்வாளர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கமாக வைத்து எண்ணியிருக்கிறார்கள். 1621 முதல் 1639 வரை அந்த ஒரு சபையிலிருந்து போலந்துக்கும் ஜெர்மனிக்கும் போனவர்கள் 230 பேர். அங்கேயே செத்தவர்கள் 215 பேர். ஐந்து பேர் ஊனமாகி வீடு திரும்பினார்கள். மிச்சம் 10 பேர் 1639இலும் படையில்தான் இருந்தார்கள், போர் முடிய இன்னும் ஒன்பது வருடம் பாக்கி. ஊரில் வயதுவந்த ஆண்கள் 468லிருந்து 288ஆகக் குறைந்தார்கள். வருடம் ஏற ஏற, பட்டியலில் வயது இறங்கிக்கொண்டே போகிறது. கடைசியில் பிடித்துப் போனதெல்லாம் அநேகமாகப் பையன்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர்களில் பெரும்பாலோர் வாள்வீச்சில் சாகவில்லை. காவல்கோட்டைகளில், பாளையங்களில் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்து செத்தார்கள். காணொளியில் அந்தக் காட்சி கிடையாது.

1632 நவம்பரில் லூட்ஸனில் மூடுபனியில் வழிதவறி எதிரிக் குதிரைப்படைக்குள் போய் மன்னரும் செத்தார். வயது 37. அவருக்குச் சிலை இருக்கிறது. பிக்டேயோக்காரர்களுக்கு இருப்பது ஒரு பட்டியல். ஆனால் எனக்கு இதில் ஒரு விஷயம் தோன்றிக்கொண்டே இருக்கிறது. ஆட்களைப் பிடிக்க எழுதிய அந்தப் பட்டியல்தானே இன்றைக்கு மன்னருக்கு எதிரான சாட்சியாக நிற்கிறது? உப்சாலாவில் இருக்கும் என் மகளிடம் இதைச் சொன்னேன். "அப்பா, பட்டியல் இல்லேன்னா அந்தப் பசங்களைப் பிடிச்சே இருக்க முடியாதே" என்றாள். நியாயம்தான். அதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை.

அவள் வீட்டுக்குப் போயிருந்தபோதுதான் ஸ்டாக்ஹோமில் வாசா கப்பலைப் பார்த்தேன். 1628 ஆகஸ்ட் 10. அறுபத்து நான்கு பீரங்கிகளோடு புறப்பட்ட கப்பல் ஏறக்குறைய 1,300 மீட்டர் போவதற்குள் காற்று தட்டிச் சாய்ந்து, திறந்திருந்த பீரங்கித் துளைகள் வழியாகத் தண்ணீர் புகுந்து, கரையில் ஊரே பார்த்துக்கொண்டிருக்க மூழ்கியது. சுமார் 30 பேர் செத்தார்கள். கப்பலைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது விசாரணைக் குறிப்புகள். புறப்படுவதற்கு முன்பே துறைமுகத்தில் ஒரு சோதனை செய்திருக்கிறார்கள்: 30 பேர் தளத்தின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடுவது. மூன்றாவது ஓட்டத்திலேயே கப்பல் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துத் தளபதி கிளாஸ் ஃப்ளெமிங் நிறுத்தச் சொல்லிவிட்டார். அப்புறமும் கப்பல் புறப்பட்டது. ஏன்? மன்னர் போர்முனையிலிருந்து அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். அளவுகளுக்குச் சம்மதம் கொடுத்ததும் அவர்தான். கட்டத் தொடங்கிய தலைமைத் தச்சர் அதற்கு முந்தைய வருடமே இறந்துபோயிருந்தார்.

விசாரணையில் கப்பல் தலைவர் சாராயம் குடித்திருந்தாரா, பீரங்கிகளைச் சரியாகக் கட்டியிருந்தார்களா என்றெல்லாம் துருவிக் கேட்டிருக்கிறார்கள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது என்றால் கப்பல் ஏன் கவிழ்ந்தது என்று கேட்டதற்கு வந்த பதில்: அது கடவுளுக்குத்தான் தெரியும். யாருக்கும் தண்டனை இல்லை. கோப்பை மூடியாயிற்று. அலுவலகத்தில் வேலை பார்த்த எவருக்கும் இந்த இடத்தில் ஒரு சிரிப்பு வரும், எனக்கு வந்தது.

1961இல் கப்பலை மேலே தூக்கியபோது எலும்புக்கூடுகளும் கிடைத்தன. உண்மைப் பெயர் தெரியாததால் ஆதாம், பேயாதா என்று அகரவரிசையில் பெயர் வைத்தார்கள். அதில் "குஸ்தாவ்" என்று பல வருடம் அழைக்கப்பட்டவர் ஒரு பெண் என்று சமீபத்தில் மரபணுச் சோதனையில் தெரிந்தது. இப்போது அவர் பெயர் ஜெர்ட்ரூட். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன்.

கிறிஸ்டினா ராணியைப் பற்றி எல்லோரும் நிறைய எழுதியாயிற்று. ஆறு வயதில் பட்டம், 1654இல் தானாகவே முடியைக் கழற்றி வைத்தது, கத்தோலிக்கராகி ரோமில் குடியேறியது, குளிர்காலத்தில் விடியற்காலை ஐந்து மணிக்குப் பாடம் கேட்டு தத்துவஞானி டெகார்ட்டை வாட்டியது, அவர் 1650 பிப்ரவரியில் நிமோனியாவில் போனது. சுவாரசியமான பெண்மணிதான், மறுக்கவில்லை. ஆனால் பிரபுப் பட்டங்களையும் அரசு நிலத்தையும் அள்ளிக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்கான வரியைச் சுமந்தவன் குடியானவன்.

அந்த நிலத்தைத் திரும்பப் பிடுங்கியவர் பதினொன்றாம் கார்ல். என் கட்சி இவர்தான். காணொளி போட யாருக்கும் தோன்றாத மன்னர். எழுத்துக்கூட்டிப் படிக்கவே சிரமப்பட்டவர் என்பார்கள். ஆனால் 1680 முதல் பிரபுக்களிடமிருந்து நிலத்தை ஒவ்வொன்றாகக் கணக்குப் பார்த்து மீட்டார். கண்டபடி ஆள்பிடிப்பதற்குப் பதிலாக, சில பண்ணைகள் சேர்ந்து ஒரு சிப்பாய்க்குக் குடிசையும் துண்டு நிலமும் கொடுத்துப் பராமரிக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். ஒரே படைப்பிரிவில் ஏகப்பட்ட ஆண்டர்ஸ் ஆண்டர்ஸன்கள் இருந்ததால் பட்டியலில் குழப்பம். அதனால் சிப்பாய்களுக்குத் "துணிந்தவன்", "எஃகு" என்ற பொருளில் சின்னச் சின்னப் பெயர்கள் வைத்தார்கள். இன்றைக்கும் அவை ஸ்வீடனில் குடும்பப் பெயர்களாக நடமாடுகின்றன. 1686 திருச்சபைச் சட்டம் எல்லோரும் வாசிக்கக் கற்க வேண்டும் என்றது. போதகர் வீடு வீடாக வந்து வாசிக்கச் சொல்லிக் கேட்டு, பேரேட்டில் மதிப்பெண் போடுவார். வேலைக்காரிக்கும் மதிப்பெண் உண்டு. ஞானோபதேசம், அதாவது மதப் பாடம், தெரியாதவருக்குக் கல்யாணம்கூட நடக்காது. கெடுபிடிதான். ஆனால் ஐரோப்பாவில் ஏழைக் குடியானவர் பெரும்பாலும் வாசிக்கத் தெரியாமல் இருந்த நாளில் இந்த ஊர்க்காரர்கள் வாசித்தார்கள்.

இவரையும் தூக்கித் தலையில் வைக்க முடியாது. இவர் ஆட்சியில்தான் 1675இல் டோர்சோக்கரில் சூனியம் என்று சொல்லி 71 பேரைக் கொன்றார்கள், அதில் 65 பேர் பெண்கள். சாட்சி சொன்னவர்கள் குழந்தைகள். பக்கத்துச் சபைப் போதகர் ஒருவர்தான் குழந்தைகளிடமிருந்து சாட்சியை வரவழைத்தவர். அவருடைய மனைவி பேத்திபேரன் காலம்வரை உயிரோடிருந்து சொன்னதைப் பேரன் 1735இல் எழுதி வைத்தார். அங்கே என்ன நடந்தது என்பதில் பெரும்பகுதி நமக்குத் தெரிவது அந்தப் பாட்டியால்.

அப்பா சேர்த்து வைத்ததையெல்லாம் பதினைந்து வயதில் பட்டத்துக்கு வந்த பிள்ளை, பன்னிரண்டாம் கார்ல், பதினெட்டு வருடப் போரில் அழித்தார். 1700இல் நார்வாவில் ஜெயித்தார், 1709இல் பொல்தாவாவில் தோற்றார். அந்தப் பொல்தாவாச் சண்டைக்கு மூன்று தேதிகள் உண்டு என்பது தெரியுமா? ரஷ்யருக்கு ஜூன் 27, ஸ்வீடன்காரருக்கு ஜூன் 28, மற்றவர்களுக்கு ஜூலை 8. பழைய நாட்காட்டியிலிருந்து புதியதற்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாறலாம் என்று ஆரம்பித்து, 1700இல் ஒரு நாளை விட்டுவிட்டு, அப்புறம் அந்தத் திட்டத்தையே மறந்துபோய், யாரோடும் ஒட்டாமல் தனியாக நின்றார்கள். கடைசியில் பழையதற்கே திரும்ப 1712இல் பிப்ரவரி 30 என்று ஒரு தேதியை வைத்தார்கள். இத்தனை கணக்குப் புலிகளுக்கு இப்படி ஒரு சறுக்கல்! தோற்ற மன்னர் ஐந்து வருடம் துருக்கி சுல்தான் தயவில் கிடந்து கடன் வாங்கினார். ஊர் திரும்பியபோது கடன்காரர்கள் பின்னாலேயே ஸ்வீடனுக்கு வந்துவிட்டார்கள். 1718 நவம்பர் 30 அன்று நார்வேயில் ஒரு கோட்டை முற்றுகையில் தலையில் குண்டு பாய்ந்து செத்தார். சுட்டது எதிரியா, சொந்த ஆளா என்று பார்க்கப் பிணத்தைப் பெட்டியிலிருந்து பலமுறை எடுத்தார்கள், கடைசியாக 1917இல். முடிவு இன்னும் தெரியவில்லை. எனக்கு அதில் அக்கறையும் இல்லை.

போரில் ஓய்ந்தவர்கள் வியாபாரத்துக்கு வந்தார்கள். 1731இல் கோத்தன்பர்க்கில் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கினார்கள். 1733இல் அவர்களுடைய கப்பல் ஒன்று நம் பரங்கிப்பேட்டைக்கே வந்து கிடங்கு போட்டது. புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக்காரரும் சென்னையிலிருந்து ஆங்கிலேயரும் வேறெதிலும் ஒத்துப்போகாதவர்கள், இதில் மட்டும் கைகோத்து வந்து கிடங்கைத் தாக்கிச் சரக்கைப் பிடித்துக்கொண்டார்கள். அதோடு நம் கரையை விட்டுச் சீனத் தேயிலைப் பக்கம் போய்விட்டது கம்பெனி. பங்குதாரர் யார் என்று வெளியே தெரியக் கூடாது என்பதற்காக, தொடக்க காலத்தில் ஒவ்வொரு பயணக் கணக்கும் தீர்ந்ததும் புத்தகங்களை எரித்துவிடுவார்களாம். சிப்பாயின் சாவை எழுதிவைத்த நாட்டில் முதலாளியின் லாபத்துக்கு நெருப்பு.

1749 முதல் எல்லாச் சபைகளும் பிறப்பு, இறப்பு, வயது, இறந்த காரணம் என்று அச்சிட்ட படிவத்தில் நிரப்பி அனுப்ப வேண்டும் என்று உத்தரவு. நாடு முழுவதும் தலையெண்ணியதில் உலகத்திலேயே முன்னோடி என்று இதைச் சொல்லலாம். கூட்டிப் பார்த்தால் ஸ்வீடனும் அப்போது அதன் ஆட்சியில் இருந்த பின்லாந்தும் சேர்த்து இருபது லட்சத்தைச் சற்றே தாண்டியது, அவ்வளவுதான். இவ்வளவு கொஞ்சமா என்று அரண்டுபோனவர்கள், எதிரிக்குத் தெரிந்தால் ஆபத்து என்று எண்ணிக்கையை ராணுவ ரகசியம்போல் பூட்டி வைத்தார்கள்.

பூட்டு 1760களில்தான் திறந்தது. 1766 டிசம்பர் 2 அன்று வந்த பத்திரிகைச் சுதந்திரச் சட்டம் மதநூல்கள் தவிர மற்றவற்றுக்குத் தணிக்கையை நீக்கியது. அதைவிடப் பெரிது, அரசுக் கோப்புகளை எந்தக் குடிமகனும் கேட்டு வாங்கி அச்சிடலாம் என்றது. இதற்காக அதிகம் பாடுபட்டவர்களில் ஒருவர் ஆண்டர்ஸ் சிடேனியஸ், முப்பத்தேழு வயது உதவிப் போதகர். ஆனால் சட்டம் வந்த நாளில் அவர் நாடாளுமன்ற அவையில் இல்லை. நாணயக் கொள்கையை விமர்சித்து ஒரு சிறுநூல் எழுதியதற்காக அதே வருடக் கோடையில் அவரை வெளியேற்றிவிட்டார்கள். பின்லாந்துப் பக்கம், பொத்னியா வளைகுடாக் கரைக்கு அருகில் இருந்த தன் சபைக்குத் திரும்பிவிட்டார். வருட முடிவு, போதகர்கள் அந்தப் பிறப்பு இறப்புப் படிவங்களை நிரப்பும் காலம். எதிர்க்கரையில் இருந்தது பிக்டேயோ.