வண்டலூருக்கு இரண்டு மணி நேரம் போதாது
வண்டலூர் உயிரியல் பூங்காவை இரண்டு மணி நேரத்தில் சுற்றிவிடலாம் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். 602 ஹெக்டேர் காட்டை நடந்து பார்க்க அரை நாளாவது வேண்டும். குழந்தைகளோ பெரியவர்களோ கூட வந்தால், உள்ளே நுழைந்ததும் பேட்டரி வண்டிக்குச் சீட்டு வாங்கிவிடுங்கள். பாதி வழியில் கால் ஓய்ந்தபின் யோசித்துப் பயனில்லை.

செவ்வாய்க்கிழமை விடுமுறை, வெளியூரிலிருந்து வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மற்ற நாட்களில் காலை 9 மணிக்கே போய்விடுவது நல்லது. வெயில் ஏறினால் புலி, நிழலில் வாலை மட்டும் ஆட்டிக்கொண்டு படுத்திருக்கும். அகழிக்கு அப்பால் இருப்பதால் தூரமும் அதிகம்; பைனாகுலர் இருந்தால் கொண்டுபோகலாம். கல் எறிந்து எழுப்பப் பார்க்கும் அண்ணன்மார்கள் தயவுசெய்து வீட்டிலேயே இருக்கவும்.

பூங்காவுக்குள்ளேயே இருக்கும் ஓட்டேரி ஏரியைக் கட்டுரை சொல்லவே இல்லை. நல்ல மழை பெய்த ஆண்டில், டிசம்பர், ஜனவரியில் அங்கே கூண்டில்லாத பறவைகளே கண்ணுக்கு நிறையும்.

பிளாஸ்டிக் பைக்குத் தடை உண்டு, எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் போதும். ஞாயிற்றுக்கிழமை ஜிஎஸ்டி சாலை நெரிசலுக்கு மின்சார ரயிலே மேல். வண்டலூர் நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடலாம்.