பிழைப்பை மறக்காத காதல்

தெலுங்குக் கிராமத்துக் காதல் படங்கள் மீது எனக்கு நெடுநாள் மனத்தாங்கல் ஒன்று உண்டு. முதல் பாதியில் நாயகனுக்கு ஒரு பிழைப்பு இருக்கும். அவன் அரிவாளைத் தூக்கியதும் அந்தப் பிழைப்பை இயக்குநரே மறந்துவிடுவார்.

'ரங்கஸ்தலம்' (2018) எனக்குப் பிடித்த படம்தான். 1980களின் கோதாவரிப் பக்கத்துக் கிராமம். காது சரியாகக் கேட்காத சிட்டிபாபு வயல்களுக்கு மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைக்கிறான். அந்த மோட்டாரும் சேறும் ராமலட்சுமி மீதான அவன் காதலும் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கும். பிறகு அண்ணனைக் கொன்றுவிடுகிறார்கள். மோட்டார் கதையின் ஓரத்துக்குப் போய்விடுகிறது. சிங்கரேணி நிலக்கரிப் பின்னணியில் வந்த 'தசரா'வும் (2023) கடைசியில் ரத்தத்தில்தான் போய் நின்றது.

அதனால்தான் 'கேர் ஆஃப் கஞ்சரபாலம்' (2018) படத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறேன். விசாகப்பட்டினத்தில் உள்ள ஒரு பகுதி அது. கிராமம் இல்லையே என்பீர்கள். இருக்கட்டும், ஊர்வாய்க்கு அங்கே குறைவில்லை. அந்தப் பகுதி மக்கள் பலரையே நடிக்க வைத்தார் இயக்குநர் வெங்கடேஷ் மஹா. அரசு அலுவலகத்தில் அட்டெண்டராக இருக்கும் ராஜுவுக்கு ஐம்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகவில்லை. அவருடைய மேலதிகாரியாக ஒடிசாவிலிருந்து வரும் ராதா, வளர்ந்த மகள் உள்ள விதவை. அதிகாரி, அட்டெண்டர் என்ற இடைவெளியை இருவரும் கடக்கும் விதத்தில் துளி நாடகத்தனம் இல்லை. இன்னொரு பக்கம், மதுக்கடையில் வேலை பார்க்கும் 'கட்டம்' என்பவன். தினமும் பாட்டில் வாங்க வரும் சலீமாவின் கண்களை மட்டுமே அவன் பார்த்திருக்கிறான். அவன் காதல் முழுவதும் கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே வளர்கிறது. அவள் என்ன தொழில் செய்கிறாள் என்று தெரிந்த பிறகும் அவன் பின்வாங்குவதில்லை. பார்க்காதவர்களுக்காக முடிவைச் சொல்லாமல் விடுகிறேன். (2021இல் இதே கதை தமிழில் 'கேர் ஆஃப் காதல்' என்று வந்தது.)

'மிடில் கிளாஸ் மெலடிஸ்' (2020) இன்னும் எளிய கதை. குண்டூரில் ஓட்டல் வைத்து, தன் பம்பாய் சட்னியை ஊரெல்லாம் பேச வைக்க ராகவாவுக்கு ஆசை. சந்தியாவைக் கட்டிக்கொள்ளவும் ஆசை. கையில் காசு நிற்காதவன் பெண்ணின் அப்பாவிடம் எந்த முகத்தோடு போய் நிற்பான்? அந்தத் தயக்கத்தை வைத்தே படத்தை நகர்த்திவிடுகிறார்கள்.

படம் மெதுவாகப் போகிறது என்று என் நண்பர்கள் குறை சொல்கிறார்கள். புதிதாக ஓட்டல் திறந்து, முதல் வாடிக்கையாளருக்காக வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்த யாரும் இதுவரை என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.