தோட்டாவுக்கு ஒரே வெடிமருந்து என்றால் என் ஓட்டு யுனீக்குக்கு

9 மி.மீ., .38 ஸ்பெஷல், .45 என்ற மூன்று கைத்துப்பாக்கித் தோட்டாக்களையும் வீட்டிலேயே தயாரிக்க ஒரே வெடிமருந்து என்றால் அது டைட்குரூப்தான் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு உடன்பாடில்லை. கொஞ்சம் போட்டாலே போதும், சிக்கனம், சரி. ஆனால் .38 மாதிரி உயரமான கூட்டில் (மருந்தை அடைக்கும் உலோக உறை) அது அடியிலேயே கிடக்கும். தவறி இரண்டாம் முறை விழுந்தாலும் சட்டென்று கண்ணில் படாது; சுட்டால் துப்பாக்கியே சிதறும். யுனீக் பருமனான மருந்து, இரட்டிப்பாக விழுந்தால் கூட்டில் பாதிக்கு மேல் ஏறிக் காட்டிக்கொடுத்துவிடும். புகை அதிகம்தான், மருந்தை அளந்து போடும் அளப்பானில் சீராக விழாது, இருக்கட்டும்.

டெக்சாஸில் என் மச்சான் கூடுகளைப் பலகையில் அடுக்கி, டார்ச் அடித்து ஒவ்வொன்றாக உள்ளே பார்த்த பிறகுதான் குண்டை வைப்பார். அப்புறம், நம்ம சென்னைத் தம்பிகளுக்கு: இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம்.