தீவிர அரசியல் குழுக்களைப் பற்றி எழுதும்போது எது நியாயம்?

இணையக் கலைக்களஞ்சியங்கள் தங்களைப் பற்றி ஓரவஞ்சனையோடு எழுதுவதாகத் தீவிர அரசியல் குழுக்களின் ஆதரவாளர்கள் ஓயாமல் புகார் சொல்கிறார்கள். 'தீவிர வலதுசாரி', 'நவநாஜி' போன்ற அடைமொழிகள் முதல் வரியிலேயே வந்துவிடுகின்றன என்பது அவர்களின் குறை. அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் அவர்கள் கேட்கும் மென்மையான மொழியை என்னால் ஏற்கவே முடியாது.

மென்மை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 1911-இல் முழுமையாக வெளிவந்திருந்த பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தின் பதினோராம் பதிப்பே சாட்சி. அமெரிக்காவின் வெள்ளை இனவெறிக் குழுவான கூ க்ளக்ஸ் கிளானை அது, தற்காப்புக்காக ஒன்றுசேர்ந்த தென்மாநில வெள்ளையர்களின் ரகசியச் சங்கம் என்று அறிமுகம் செய்கிறது. நிதானமான நடை, வசைச்சொல் ஒன்றும் கிடையாது. யாரிடமிருந்து தற்காப்பு? அப்போதுதான் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டிருந்த கறுப்பின மக்களிடமிருந்தா? அவர்களைச் சவுக்கால் அடித்துக் கொன்ற கூட்டத்துக்கு அந்த அறிமுகம் கொடுத்தது மரியாதை. காப்புரிமை முடிந்த அந்தக் கட்டுரை இன்றும் இணையத்தில் படிக்கக் கிடைக்கிறது.

பழைய கதை என்று தள்ளிவிட முடியவில்லை. குரோவேஷிய மொழி விக்கிப்பீடியாவின் நிர்வாகப் பொறுப்பைத் தீவிர தேசியவாதிகளின் சிறு குழு ஒன்று பல ஆண்டுகள் கையில் வைத்திருந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் குரோவேஷியாவை ஆண்ட உஸ்தாஷா என்ற பாசிச இயக்கம் நடத்திய யாசெனோவாட்ஸ் வதைமுகாமில் 77,000 முதல் 99,000 பேர் வரை கொல்லப்பட்டதாக அமெரிக்க ஹோலோகாஸ்ட் நினைவு அருங்காட்சியகம் மதிப்பிடுகிறது. அந்த விக்கிப்பீடியாவிலோ அதன் கொடுமை குறைத்துக் காட்டப்பட்டது. 2013-இல் அந்நாட்டுக் கல்வி அமைச்சரே மாணவர்களிடம் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்ல நேர்ந்தது. திருத்துபவர்கள் குறைவாக உள்ள எந்த மொழிக்கும் இந்த ஆபத்து உண்டு என்பதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது.

முத்திரையை மட்டும் நம்புவதும் தவறுதான். நெல்சன் மண்டேலாவின் பெயர் அமெரிக்காவின் பயங்கரவாதக் கண்காணிப்புப் பட்டியலிலிருந்து 2008-இல்தான் நீக்கப்பட்டது. ஓர் அரசு சூட்டிய பட்டத்தைத் தன் சொந்தக் குரலில் திருப்பிச் சொல்லும் கலைக்களஞ்சியம் அந்த அரசின் ஊதுகுழலாகிவிடுகிறது. அதனால்தான் இத்தகைய சொற்களை யார் சொன்னது என்று குறிப்பிட்டே எழுத வேண்டும் என்ற ஆங்கில விக்கிப்பீடியாவின் வழிகாட்டுதலை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

கிரேக்கத்தின் 'தங்க விடியல்' கட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். தன்னை அது தேசியவாதக் கட்சி என்றது. 2012-இல் நாடாளுமன்றத்துக்குள்ளும் நுழைந்தது. 2013-இல் அதன் ஆதரவாளர் ஒருவர் பாவ்லோஸ் ஃபிசாஸ் என்ற ராப் பாடகரைக் குத்திக் கொன்றார். 2020 அக்டோபரில் ஏதென்ஸ் நீதிமன்றம் அக்கட்சித் தலைமையை, குற்றக் கும்பலை நடத்தியதாகத் தண்டித்தது. இந்த நான்கு தகவல்களும் தேதியோடு இருந்தால் அடைமொழி முதல் வரியில் வந்தாலும் கடைசி வரியில் வந்தாலும் எனக்குக் கவலையில்லை. கட்சி தன்னைப் பற்றிச் சொல்வதையும் எழுதட்டும், அதன் வாய்மொழியாகவே எழுதட்டும்.

இப்படிப்பட்ட பக்கங்களில் நான் முதலில் தேடுவது, அந்தக் குழுவால் கொல்லப்பட்டவர்களின் பெயர்களை. 'மோதல் நிகழ்ந்தது', 'உயிரிழப்பு ஏற்பட்டது' என்று கொன்றவன் யார் என்பதே தெரியாமல் வாக்கியம் நழுவியிருந்தால், அந்தப் பக்கத்தின் திருத்த வரலாற்றைத் திறந்து, அந்த வரியை யார் எப்போது மாற்றினார்கள் என்று பார்த்துவிடுகிறேன்.