கல்லாவில் விழுவதெல்லாம் லாபமில்லை

வரியைக் குறையுங்கள், அரசாங்கம் தன் வேலைகளைச் சுருக்கிக்கொள்ளட்டும் என்று எழுதினாலே, இது பணக்காரர்களுக்காகப் பேசுகிற பேச்சு என்று ஊரிலிருக்கும் என் சொந்தக்காரர்களே சொல்கிறார்கள். பெங்களூரில் அல்சூர், மர்ஃபி டவுன் வட்டாரத்துச் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். டீக்கடை, காண்டிமெண்ட்ஸ் என்று இங்கே சொல்கிற பெட்டிக்கடை, பேக்கரி, பூக்கடை. பாதிப்பேர் தமிழர்கள், மற்றவர்கள் ஹாசன் பக்கத்துக் கன்னடக்காரர்கள். இவர்களுடைய நோட்டுப் புத்தகங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு இந்தக் கருத்தே உறுதியானது.

2025 ஜூலையில் நடந்தது பலருக்கு இதற்குள் மறந்திருக்கும். கர்நாடக வணிக வரித் துறை யு.பி.ஐ. வரவுகளை எடுத்து வைத்துக்கொண்டு, 2021-22 முதலான ஆண்டுகளுக்கு ஜி.எஸ்.டி. கட்டச் சொல்லி ஆயிரக்கணக்கான சிறு கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. சில நோட்டீஸ்களில் தொகை பல லட்சம். ஹாவேரியில் ஒரு காய்கறிக் கடைக்காரருக்கு 29 லட்சம். காய்கறிக்கு வரியே கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது? பொருள் மட்டும் விற்றால் ஆண்டு விற்பனை 40 லட்சம், சேவை என்றால் 20 லட்சம் வரை ஜி.எஸ்.டி. பதிவு வேண்டாம். கடையில் உட்காரவைத்து டீ கொடுப்பது சேவைக் கணக்கில் வரும். 20 லட்சத்தை 365-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 5,500 ரூபாய். டீ 15 ரூபாய் என்று வைத்தால் 365 டீ. பஸ் ஸ்டாப் ஓரத்தில் கொஞ்சம் ஓடுகிற எந்தக் கடையும் இதைத் தாண்டிவிடும். 20 லட்ச வரம்பு 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது வைத்தது, 40 லட்சம் 2019-இல் வைத்தது. அதற்குப் பிறகு பால், சிலிண்டர், கடை வாடகை, மாஸ்டர் சம்பளம் எல்லாம் ஏறின. வரம்பு மட்டும் அப்படியே நிற்கிறது.

இன்னொரு விஷயம், இதைத்தான் யாரும் பேசுவதில்லை. பாலுக்கு வரி விலக்கு. ஆனால் காண்டிமெண்ட்ஸ் கடையில் பாலோடு பிஸ்கட்டும் சிகரெட்டும் விற்றால், வரம்பைக் கணக்கிடும்போது பால் விற்ற பணமும் சேர்ந்துவிடும். ஒரு பாக்கெட் பாலில் கடைக்காரருக்கு நிற்பது சில்லறைக் காசு. கல்லாவில் விழுவது முழு விலை. அந்த முழு விலையைப் பார்த்து அவரைப் பெரிய வியாபாரி என்கிறது சட்டம். யு.பி.ஐ. வரவில் மச்சான் கொடுத்த கைமாத்தும் இருக்கும், சீட்டுப் பணமும் இருக்கும்.

சிறு வியாபாரிகளுக்கென்று இருக்கிற காம்போசிஷன் என்ற எளிய ஜி.எஸ்.டி. திட்டத்தில் போகலாமே என்பார்கள். வியாபாரிக்கு ஒரு சதவீதம், உணவுக் கடைக்கு 5 சதவீதம். அது விற்ற தொகையின் மேல் விழுவது, லாபத்தின் மேல் இல்லை. வாடிக்கையாளரிடம் வரி என்று கேட்டு வாங்கவும் கூடாது, கையிலிருந்துதான் கட்ட வேண்டும். பழைய வருஷங்களுக்கு என்றால் இன்னும் மோசம். நாலு வருஷத்துக்கு முன் டீ குடித்துவிட்டுப் போனவரை இப்போது எங்கே தேடிப் பிடித்து வரி வாங்குவது?

என்ன ஆயிற்று? கடைகளில் க்யூ.ஆர். அட்டையைக் கழற்றிவிட்டு 'கேஷ் மட்டும்' என்று எழுதி ஒட்டினார்கள். நேர்மையாக எல்லாப் பணத்தையும் வங்கியில் வாங்கியவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். வரி தாங்கக் கூடியதாகவும் விதி புரியக் கூடியதாகவும் இருந்தால் மனிதர்கள் வெளிச்சத்தில் வியாபாரம் செய்வார்கள், இல்லாவிட்டால் ஒளிந்துகொள்வார்கள். மாநிலம் மத்திய அரசைக் கை காட்டியது, மத்திய அரசு மாநிலத்தைக் கை காட்டியது. ஜூலை 25-இல் கடையடைப்பு என்று வியாபாரிகள் அறிவித்த பிறகுதான் முதல்வர் சித்தராமையா அழைத்துப் பேசி, பழைய பாக்கியைக் கேட்க மாட்டோம், இனி பதிவு செய்துகொள்ளுங்கள் என்றார். கடையை மூடுவோம் என்று மிரட்டினால்தான் காது கேட்கும் என்ற நிலைமை எனக்குப் பயமாக இருக்கிறது.

வரி ஒரு காரணத்துக்காக வரும், காரணம் போன பிறகும் போகாது. மதராஸ் மாகாணப் பிரதமராக இருந்த ராஜாஜி 1937-இல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். மதுவிலக்கால் விழுந்த வருமானத்தை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி போட்டார். இன்று தமிழ்நாட்டு அரசே மது விற்கிறது, விற்பனை வரியின் வாரிசுகளும் அப்படியே இருக்கின்றன. அதே ராஜாஜி 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, எந்தத் தொழிலுக்கும் அரசாங்க அனுமதி கேட்டு நிற்க வைத்த லைசென்ஸ்-பர்மிட் ராஜ்யத்தை எதிர்த்து முதுமை முழுக்கப் போராடினார். அரசாங்கத்தை உள்ளே இருந்து நடத்தியவர் சொன்னது என்பதால் அந்த எச்சரிக்கைக்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுக்கிறேன்.

என் சித்தப்பா போனில் கேட்டார்: "அரசாங்கப் பள்ளிக்கூடத்துல சத்துணவு சாப்பிட்டுப் படிச்ச பொண்ணு நீ, இப்படிப் பேசலாமா?" சித்தப்பா, பள்ளிக்கூடம் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. பள்ளி, ஆஸ்பத்திரி, கோர்ட், போலீஸ், மழைநீர் ஓடுகிற ராஜகாலுவே, இவற்றை அரசாங்கம்தான் பார்க்க வேண்டும். 2022 செப்டம்பரிலும் 2025 மேயிலும் பெங்களூர் தண்ணீரில் நின்றதே, அந்தக் கால்வாயைக் கவனிக்க வேண்டிய அரசாங்கம் சோப்பும் தயாரித்து விற்கிறது. மைசூர் சாண்டல் எனக்கும் பிடித்த சோப்புதான், லாபமும் வருகிறது. ஆனால் சோப்பு செய்ய நாட்டில் ஆட்கள் இருக்கிறார்கள். ராஜகாலுவேயைத் தூர்வார வேறு ஆள் கிடையாது.

பெண்களுக்கு இலவச பஸ்ஸால் கே.ஆர். மார்க்கெட்டுக்குப் போகும் பூக்கார அக்காவுக்கு மாதம் நல்ல தொகை மிச்சமாகிறது, அது எனக்குத் தெரியும். ஆனால் இலவச பஸ் உட்பட, கேரண்டி என்று கர்நாடக அரசு நடத்தும் ஐந்து நலத்திட்டங்களுக்கும் சேர்த்து ஆண்டுக்கு ஏறக்குறைய 52,000 கோடி வேண்டும். 2024 ஜூனில் பெட்ரோல், டீசல் மேல் மாநில வரி ஏறி லிட்டருக்கு 3 ரூபாய் கூடியது. 2025 ஏப்ரலில் டீசல் வரி மறுபடி ஏறி 21.17 சதவீதம் ஆனது. கோலாரிலிருந்து தக்காளியும் ஓசூரிலிருந்து பூவும் டீசலில்தான் வருகின்றன. பஸ் டிக்கெட்டில் மிச்சமானதில் ஒரு பங்கு கூடைக்குள்ளேயே கரைந்துவிடுகிறது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்குவதற்கு நடுவில், நிர்வாகச் செலவு வேறு.

வீடும் அப்படித்தான். 2025 ஆகஸ்ட் 31 முதல் கர்நாடகத்தில் பத்திரப் பதிவுக் கட்டணம் 1 சதவீதத்திலிருந்து 2 சதவீதம். 60 லட்சம் ரூபாய் ஃபிளாட்டுக்கு 60,000 கட்டிய இடத்தில் இப்போது 1,20,000. முத்திரைத் தீர்வை 5 சதவீதம் தனி, அதன் மேல் செஸ் தனி. வாழ்நாள் முழுக்கச் சேர்த்து ஒரே ஒரு வீடு வாங்குகிறவரிடமிருந்து, அவர் கையில் காசு சுத்தமாகத் தீர்ந்திருக்கும் அதே நாளில் இதை வாங்குகிறார்கள்.

ஜி.எஸ்.டி. கவுன்சிலில் கர்நாடகமும் தமிழ்நாடும் உறுப்பினர்கள். ஜி.எஸ்.டி. பதிவு வரம்பை ஒரு கோடியாக உயர்த்தி, விலைவாசியோடு சேர்ந்து அது தானாக ஏறும்படி வைக்கச் சொல்லி அவர்கள் கேட்கலாம். வரி விலக்குள்ள பொருளின் விற்பனையை வரம்புக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பத்திரப் பதிவுக் கட்டணத்தைப் பழைய 1 சதவீதத்துக்கே கொண்டுவர மாநில அரசுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. வார்டில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடமும் வியாபாரிகள் சங்கக் கூட்டங்களிலும் இந்த மூன்றையும் கன்னடத்திலேயே கேளுங்கள். கடைக்காரர்கள் யாருக்காவது நோட்டீஸுக்குப் பதில் எழுத உதவி வேண்டுமானால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், அதற்கு நான் காசு வாங்குவதில்லை.