கடவுளை நம்பாதவரின் சாட்சியம் செல்லாதா? உண்மை விளக்கம்

“கடவுளை நம்பாதவருக்கு ஒழுக்கம் இராது, ஆகவே அவருடைய சாட்சியத்தை இலங்கை நீதிமன்றங்கள் ஏற்பதில்லை” என்ற செய்தி கொழும்பு வட்ஸ்அப் குழுக்களில் பரவி வருகிறது. இது தவறு. கடவுள் பெயரால் சத்தியம் செய்ய மனச்சாட்சி இடங்கொடாதவர் அதற்குப் பதிலாக உறுதிமொழி அளிக்கலாம் என 1895ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கூறுகிறது. புதுக்கடை நீதிமன்றச் சாட்சிக்கூண்டில் ஏறும் பௌத்தருக்கும் இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் அதே சட்டம் அதே வழியைத்தான் தருகிறது என்பதைச் செய்தியை எழுதியவர் கவனிக்கவில்லை போலும். அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தை எல்லோருக்கும் உறுதிசெய்கிறது. நாடாளுமன்ற இணையதளத்தில் தமிழிலேயே வாசிக்கலாம். கடவுளின்றி ஒழுக்கம் அமையுமா என்பது தத்துவ விவாதம். ஆயினும் பௌத்த அயலவர் பன்சலையில் (விகாரையில்) ஓதும் பஞ்சசீலம் என்னும் ஐந்து ஒழுக்க நெறிகள் எந்தப் படைப்புக் கடவுளின் கட்டளையாகவும் சொல்லப்படுவதில்லை. இச்செய்தியை மேலும் பகிர வேண்டாம்.