மார்சியானோட தலைமுடி

தம்பி: அண்ணன், வேற கதை வேணாம். இந்தா வீடியோ. 13ஆவது றவுண்ட். முகமது அலி விழுறார், றெபரி எண்ணுறார், முடிஞ்சுது. எந்தக் காலத்திலயும் பெரிய பொக்சர் ரொக்கி மார்சியானோதான்.

சலூன்காரர்: போனைக் கொஞ்சம் தூக்கு. ம்... அது விக்.

தம்பி: எது?

சலூன்காரர்: மார்சியானோட தலையில இருக்கிறது.

தம்பி: நான் குத்தைக் காட்டினா நீங்க முடியைப் பாக்கிறீங்க!

சலூன்காரர்: முன்பக்கம் பார், அடிமட்டம் வச்சுக் கீறின மாதிரி. சொந்த முடி ஒரே கோட்டில முளைக்காது, கரையில பூனைமயிர் கொஞ்சம் நிக்கும். ரெண்டு றவுண்ட் ஆடினா வேர்வையில நெத்தியோட ஒட்டும். இது என்னடாண்டா, எண்ணெய் வச்சு வாரி பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி இருக்கு.

தம்பி: சம்பியனுக்கு எதுக்கு விக்?

சலூன்காரர்: அவர் 1956லயே ஓய்வு. நீ காட்டுறது 1969ல ஸ்ரூடியோவில பிடிச்ச படம். மனுசனுக்கு 45 வயசு. வச்ச வயிற்றைக் குறைச்சு, கொட்டின தலையை மூடிக்கொண்டு வந்தவர். அலிக்கு 27. ஒரு நிமிச றவுண்டா எழுபதுக்குக் கிட்ட ஆடினவங்க. இவர் விழுற மாதிரி ஒண்டு, அவர் விழுற மாதிரி ஒண்டு, எல்லாம் எடுத்து வச்சு, பிறகு ஆர் வெல்லுவார் எண்டு கொம்பியூட்டர் சொன்னபடி வெட்டி ஒட்டி 1970 ஜனவரியில தியேட்டரில போட்டாங்க. மார்சியானோ அதைப் பாக்கவேயில்ல. 1969 ஓகஸ்ட் 31 விமான விபத்தில போயிட்டார். அடுத்த நாள் அவருக்குப் பிறந்தநாள்.

தம்பி: கொம்பியூட்டர் சொன்னா அது சரிதானே அண்ணன்.

சலூன்காரர்: அமெரிக்காவில போட்ட படத்தில மார்சியானோ வெல்லுறார். ஐரோப்பாவில போட்டதில அலி வெல்லுறார். உனக்கு எந்தக் கொம்பியூட்டர்?

தம்பி: ... அப்ப 49-0வும் பொய்யா?

சலூன்காரர்: அது உண்மை. 49 சண்டை, 49 வெற்றி, 43 நொக்அவுட். விக் மட்டும்தான் பொய்.

தம்பி: விக்கை விடுங்கோ! அலி அஞ்சு தரம் தோத்தவர்.

சலூன்காரர்: ஓம். கடைசி ரெண்டும் 38 வயசுக்குப் பிறகு. அந்த வயசில மார்சியானோ ரிங்குப் பக்கமே போகேல்ல, 32ல விட்டுட்டார். புத்தி. ஆனா அவர் அடிச்ச பெரிய தலைகளின்ட வயசையும் பார். ஜோ லூயிக்கு 37, வால்கொட்டுக்கு 38, ஆச்சி மூருக்கு 38. சில்வண்டுகளா?

தம்பி: மூண்டு பேரும் நல்லாக் குத்தினவங்கதானே?

சலூன்காரர்: அதைச் சொல்லு! அதுதான் கதை. 1952ல வால்கொட் முதல் றவுண்டிலயே இவரை விழுத்திட்டார். 12 றவுண்ட் முடியப் புள்ளியில இவர் பின்னுக்கு. 13ல ஒரே ஒரு சின்ன வலது குத்து, முழங்கை மடிஞ்சபடியே. வால்கொட் கயிற்றில தொங்கிக்கொண்டே இறங்கினார். 1954ல எசார்ட் சார்ள்ஸ் இவற்ற மூக்கைப் பிளந்துட்டார். உனக்கு நான் கத்தியால கீறினா படிகாரம் தேய்ச்சா நிண்டிடும். அங்க பஞ்சில அட்ரினலின் தோய்ச்சு வச்சு அமத்தியும் ரத்தம் நிக்கேல்ல. சண்டையை நிப்பாட்டப் போறாங்க எண்டு தெரிஞ்சு, எட்டாவது றவுண்டிலயே மார்சியானோ சார்ள்ஸை இருத்திட்டார். இப்பிடி வீடியோவெல்லாம் கிடக்கு. நீ விக் வச்சதைக் கொண்டு வாறாய்.

(இந்த நேரம் கடற்கரைப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று, வாசல் வாங்கில் கிடந்த நேற்றைய பேப்பரை இழுத்துத் தின்னத் தொடங்கியது. திருகோணமலையில் இதற்கெல்லாம் யாரும் எழும்புவதில்லை.)

தம்பி: அப்ப நீங்களே ஒத்துக்கொள்ளுறீங்க, மார்சியானோதான்.

சலூன்காரர்: தலையை ஆட்டாத. மார்சியானோ 185 றாத்தலுக்கு அங்கால இங்கால. இண்டைக்கு 200க்கு மேல இருந்தாத்தான் ஹெவிவெயிட், அவரை ஒரு படி கீழ விட்டிருப்பாங்க. கை நீட்டினா அலியைவிடப் பத்து அங்குலம் குறைவு. அதனாலதான் குனிஞ்சு உள்ள போய், தோள், கை, எங்க கிடைச்சாலும் அடிக்கிறது. கட்டையன் நெட்டையனை வெல்ல வேற வழியில்ல. அலி ஆடி விலகிறவர். ஆனா கையைக் கீழ விட்டுட்டுத் தலையை நேர பின்னுக்கு எடுக்கிற கெட்ட பழக்கம். அதில வாங்கினதுதான் 1971ல பிரேசரின்ட இடது கொக்கிக் குத்து, 15ஆவது றவுண்டில மல்லாக்க. 1973ல நோர்ட்டன் தாடையை உடைச்சார்.

தம்பி: பாத்தீங்களா! பூச்சியம் எண்டா பூச்சியம்தான் அண்ணன். தோக்காதவன்தான் பெரியவன்.

சலூன்காரர்: சரி. 1974 ஒக்டோபர் 30, ஆபிரிக்காவில கின்ஷாசா. அப்பத்தைய சம்பியன் போர்மன் 40-0. அலியைத் தோக்கடிச்ச பிரேசரையும் நோர்ட்டனையும் ரெண்டு ரெண்டு றவுண்டில முடிச்சவர். அலிக்கு 32. உன்ட கணக்குப்படி ஆர் வெல்லோணும்?

தம்பி: போர்மன்.

சலூன்காரர்: அலி கயிற்றில சாய்ஞ்சு, முழங்கையை விலாவோட ஒட்டி, முகத்தைக் கையுறையால மூடி, அடிக்கவிட்டார். பலமான குத்துக் குத்திறவனுக்கு அடி படாட்டியும் களைப்பு வரும், தோள் செத்துப்போகும். எட்டாவது றவுண்டில போர்மன் கீழ. உன்ட பூச்சியம் எங்க?

தம்பி: ...

சலூன்காரர்: இன்னொண்டு. 1967ல பட்டாளத்துக்குப் போக மாட்டன் எண்டதுக்கு அலியை நிப்பாட்டிட்டாங்க. 25 வயசில இறங்கினவர் 28ல திரும்பி வாறார். அந்த மூண்டரை வருசம் உன்ட வெற்றி தோல்விக் கணக்கில எங்க இருக்கு? இந்த ஊரில அந்த வயசைப் பறிகுடுத்த ஆக்கள் எத்தனை பேர் இந்தக் கதிரையில இருந்து தலை வெட்டுறாங்க தெரியுமா? கலியாணம் பேச வாறவன் அந்த வருசங்களையும் சேத்துத்தான் வயசு கேக்கிறான்.

(மான் விளையாட்டுப் பக்கத்துக்கு வந்திருந்தது.)

தம்பி: அண்ணன், சைட் கொஞ்சம் கூட எடுத்திட்டீங்க போல.

சலூன்காரர்: மார்சியானோ மாதிரி வெட்டச் சொன்னாய்.

தம்பி: பழைய மார்சியானோ மாதிரி!

சலூன்காரர்: நீ காட்டினது 1969 மார்சியானோ.

தம்பி: சரி, அலியும் வேணாம், மார்சியானோவும் வேணாம். மேவெதர்! 50-0! 50ஆவது சண்டையில அவருக்கு முடியே இல்ல, விக் எண்டு நீங்க சொல்லேலாது!

சலூன்காரர்: 50ஆவது சண்டை 2017ல, கூண்டுச் சண்டைக்காரன் மக்கிரகரோட. அந்தாளுக்கு அதுதான் முதலாவது தொழில்முறைக் குத்துச்சண்டை. முதல் நாள் கத்தி பிடிக்கிறவனோட நான் போட்டிக்குப் போய் வெண்ட மாதிரி.

தம்பி: எண்டாலும் 50தானே!

சலூன்காரர்: ஓம் ஓம், 50. மொட்டையும் ஒரிஜினல்தான். எழும்பு, மானைக் கலைச்சிட்டு அந்தப் பேப்பரை வாங்கி வை. மிச்சம் இருந்தா.